மகளுக்கு ஒரு தாய்மாமன்

என் மகளுக்கு எட்டு வயதுவரை காது குத்தவில்லை. தெருவில் இதற்குப் பல காரணம் சொன்னார்கள். பெந்தகொஸ்து சபையில் சேர்ந்திருப்பார்கள், அவர்கள்தான் பொட்டுத் தங்கம் போடமாட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். காரணம் அதெல்லாம் இல்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதில் கோட்டாறில் ஓர் ஆசாரி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆசாரி எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"தாய்மாமன் வண்டிய நிறுத்திட்டு வாராரா?" என்றார்.

வரவில்லை என்றேன். "அப்ப இன்னொரு நாள் வாங்க. அவசரம் ஒண்ணுமில்லியே, மாமன் மடியில இருந்து குத்தினாத்தானே பிள்ளைக்கு ஐஸ்வரியம்" என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்க எங்கள் இருவருக்குமே தெம்பில்லை.

இருவர் என்பது நானும் அவளும். 2004 முதல் நாகர்கோவிலில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். அவள் முட்டத்துக்காரி, கத்தோலிக்கக் கடற்கரைக் குடும்பம், கல்ஃபில் நர்ஸாக இருந்தவள். நான் பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம், இந்து, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. அவள் கல்ஃபுக்குப் போவதற்கான மெடிக்கலுக்கு எங்கள் லேபுக்குத்தான் வந்தாள். லீவில் வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டோம். ஒருவரையொருவர் விரும்பினோம். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள், வீடு பார்த்தோம், மற்றவர்கள் கல்யாணம் செய்துகொண்டு வாழ்வதுபோல வாழ ஆரம்பித்தோம். பத்திரிகைகளில் லெஸ்பியன் என்று போடுவார்கள். எங்கள் தெருவில் 'அந்த ரெண்டு அக்காமாரு' என்பார்கள். தெருக்காரர்கள் சொல்வதில் தொந்தரவு குறைவு.

பிள்ளை 2006இல் வந்தாள், பல் முளைத்து, நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. என் பெயரில்தான் தத்தெடுத்தோம். கல்யாணமாகாத இந்துப் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டு, அவள் கிறிஸ்தவள் என்பதால் காப்பாளராக வேண்டுமானால் ஆகலாம் என்று வக்கீல் சொன்னார். ஆக, சட்டப்படி நான் தாய், அவள் யாருமில்லை. வீட்டுக்குள் நான் அம்மா, அவள் மம்மி. வெளியே போனால் மம்மியைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். மூன்று வயதிலேயே பிள்ளை இதைப் பழகிக்கொண்டாள். வாசற்படி தாண்டும்போதே வாய் மாறிவிடும். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு சாமர்த்தியம் வேண்டாமே என்று எனக்கு அப்போதே வருத்தமாக இருந்தது. தத்தெடுத்த விஷயத்தையும் அவளிடம் மறைக்கவில்லை. கதை கேட்கிற வயதிலேயே சொல்லிவிட்டோம்.

எனக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் உண்டு. முறைப்படி அவன்தான் என் மகளுக்குத் தாய்மாமன். ஆசாரி கடையிலிருந்து திரும்பிய வாரம் ரோஷத்தை விட்டு அவனுக்குப் போன் போட்டேன். "ஆரு பெத்ததுன்னு தெரியாத பிள்ளைய எனக்க மடியில வைக்கச் சொல்லாத" என்றான். வெடுக்கென்று போனை வைத்தது நானா அவனா என்று ஞாபகமில்லை. அவளுக்கும் ஓர் அண்ணன் உண்டு, முட்டத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறவர். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு இவள் வீட்டைவிட்டு வந்த நாளில், இனி இந்தப் படி ஏறாதே என்று சொன்னவர். அப்பனும் அம்மையும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக இரண்டு மாமன்மார் இருந்தும் பிள்ளைக்கு மடி இல்லை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்களைப் போலவே ஓர் இணை இருந்தது. ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி, ஒரு மகனைப் பெற்று, புருஷனை விட்டு வந்தவள். இன்னொருத்தி தையல்கடை வைத்திருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் கறி வைத்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, நாலு பேரும் வாயை அடக்காமல் பேசுகிற நாள் அது ஒன்றுதான். அந்த நாளுக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஆனால் அங்கேயும் ஒரு கோடு இருந்தது. டீச்சர் பிரசவக் கதையை ஆரம்பித்தால் நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவப் போய்விடுவோம். "உங்களுக்கு எளுப்பம். நோவும் இல்ல, நடக்கியப் பிள்ளையாட்டுக் கிட்டிச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கெட்ட எண்ணம் கிடையாது. பெற்றவள் என்ற நினைப்பு அவளுக்கு நல்ல உத்தியோகம் மாதிரி, ஞாயிற்றுக்கிழமைகூட அதிலிருந்து லீவு எடுக்கமாட்டாள். அவளை ஒதுக்கி வைத்த வீட்டார் அவள் மகனை ஒதுக்கவில்லை. ரத்தம் அல்லவா. ஓணத்துக்கு அவனுக்கு உடுப்பு வரும். அவனுடைய மாமன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார்.

ஒருமுறை அவன் அந்த உடுப்பைப் போட்டுக்காட்டியபோது என் மகள் கேட்டாள், "எனக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் கொண்டுவர மாட்டேங்காங்க?" அப்போது அவளுக்கு ஆறு வயதிருக்கும். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன். தையற்காரிதான் உடனே எழுந்து உள்ளே போய், கடையில் மிச்சமிருந்த துணியில் ஒரு ஃப்ராக் வெட்டினாள். அவள் மிஷினில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நின்றேன். அப்போது மெதுவாகச் சொன்னாள், "நீ பேப்பர்லயாவது அம்மை. நான் இந்த வீட்டுல அதுகூட இல்ல." மிஷின் சத்தத்தில் மற்ற இருவருக்கும் அது கேட்டிருக்காது.

2012 டிசம்பரில் கோட்டாறு கோயில் திருவிழாவுக்குப் போனோம். நான் வளையல் கடையில் நின்றேன். அவளும் மகளும் நாலு கடை தள்ளி நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மதினி, அண்ணன் மனைவி. எட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள்.

"ஏட்டி, இது ஆரு?" என்று பிள்ளையைக் காட்டினாள் மதினி.

கூட இருக்கிற அக்காவின் பிள்ளை என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு என்று பிறகு என்னிடம் சொன்னாள். "எனக்க மோளு" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து என் மகளும் வழக்கத்தை மறந்து, "மம்மி, பஞ்சுமிட்டாய்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

மதினி குனிந்து பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டத்து வீட்டில் எல்லாருக்கும் காதின் கீழ்நுனி தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும். என் மகளுக்கும் அப்படித்தான். உலகத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கிறது, எனக்கு லேபில் தினம் நாலு பேர் அப்படி வருவார்கள். மதினி அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க வீட்டுக் காதுல்லா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

என்னுடையவள் கல்ஃபிலிருந்து வந்தது 2004 கடைசியில். பிள்ளை பிறந்தது அடுத்த வருஷ நடுவில். பிள்ளையின் வயது, தத்துப் பேப்பர் என் பெயரில் இருப்பது, வீட்டு விலாசம் எல்லாம் மதினி அங்கேயே கேட்டுவிட்டாள்; கணக்கு அவர்களுக்குக் கச்சிதமாக வந்தது. வெளிநாட்டில் யாரிடமோ ஏமாந்து, வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பயந்து நாகர்கோவிலில் ஒளிந்து பெற்றிருக்கிறாள். கூட இருக்கிற சிநேகிதி தன் பெயரில் தத்தெடுத்ததாகப் பேப்பர் போட்டு அதை மூடியிருக்கிறாள். இதுதான் முட்டத்தில் முடிவான கதை. யாரோ பெற்ற பிள்ளையை இரண்டு பெண்கள் ஆசைப்பட்டு எடுத்து வளர்ப்பார்கள் என்பது அவர்கள் மூளைக்கு எட்டவில்லை. ஏமாந்து பெறுவது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கையில் ஒரு முழு நெய்மீன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உன்னக் கொன்னா போட்டிருப்பேன்? இத்தன வருசம் ஒத்தையில கெடந்து பாடுபட்டிருக்கியே மக்கா" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தங்கச்சி, எங்க குடும்பத்துக்க மானத்த நீ காப்பாத்தின. நான் சாவது வரைக்கும் மறக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. அவள் செய்யாத தப்பை மன்னித்து அழுகிறார். அவர் கண்ணில் தப்பான ஒன்றை அவள் செய்திருக்கிறாள், அது எதிரில் நின்று அவருக்குக் காப்பி கலந்து கொடுக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன். இல்லை அண்ணா என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் என் மகள் நெய்மீனைப் பார்க்க வந்தாள். அண்ணன் உட்கார்ந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மாமான்னு கூப்பிடு" என்றார்.

"மாமா" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. மறுபடியும் சொன்னாள், கேட்காமலே.

அவர் போனபிறகு சண்டை வந்தது. "ஏன் மறுக்கல?" என்றேன்.

"பிள்ள அவரு மடியில இருந்தா."

"உனக்க பேரு என்ன ஆகும்? கல்யாணமாகாமப் பெத்தவன்னு ஊரெல்லாம் பேசும்."

"பேசட்டு. இத்தன நாளும் நல்லதாப் பேசினாவளா?"

மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார், மம்மி உன்னைப் பெற்றதாக நினைக்கிறார் என்று விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள், "அது தப்புன்னு தெரிஞ்சா மாமா வரமாட்டாரா?" தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

அப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முட்டத்துக்குப் போயின. அங்கே பிள்ளைக்கு மாமி, மூன்று மச்சான்மார், மணலில் புரண்டு விளையாட ஒரு பட்டாளம். சித்தி என்று மாற்றிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அவளை வாய்நிறைய மம்மி என்று கூப்பிட்டாள். மதினி அதைக் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தாள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். "பெரியம்மான்னு கூப்பிடு மக்கா, அவியதானே உன்னத் தூக்கி வளத்தாவ" என்று மதினியே தீர்த்துவைத்தாள். மகள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வாசற்படியில் வாய் மாறுகிற வித்தை அவளுக்குத்தான் கைவந்ததாயிற்றே. இம்முறை மாறியது என் பெயர்.

நான் அங்கே விருந்தாளி. பொரித்த மீனில் நல்ல துண்டம் எனக்குத்தான் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து பற்றி அவளிடம்தான் பேசுவார்கள். பிள்ளை தலையில் எண்ணெய் வைக்க நான் போனால், "நீங்க இரிங்க, தாய் வைக்கட்டு" என்று மதினி சீப்பை வாங்கிவிடுவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் மீது, அதாவது என்னுடையவள் மீதே. அவள் பாவம், பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனதில் எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருக்கும்.

ஒருநாள் அண்ணன் சுகர் பார்க்க எங்கள் லேபுக்கே வந்துவிட்டார். நான்தான் அவர் கையில் ஊசி குத்தினேன். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பாத்தியா தங்கச்சி, ரத்தம்னு ஒண்ணு உண்டுல்லா. எத்தன வருசம் போனா என்ன, அது தேடிப்பிடிச்சு வந்திரும்."

என்னுடையவள் ஏபி குரூப். என் மகள் ஓ. ஏபி தாய்க்கு ஓ பிள்ளை பிறக்காது என்று எங்கள் லேபில் புதிதாகச் சேர்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அவர் என்னைத் தங்கச்சி என்றுதானே கூப்பிடுகிறார், அப்படிப் பார்த்தால் எப்படியும் அவர் என் மகளுக்கு மாமன்தானே என்றும் தோன்றியது. ஊர் அப்படிக் கணக்குப் பார்க்காது. பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடிங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

மார்த்தாண்டத்துக்குப் போய் டீச்சரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவள் ரொம்பச் சாதாரணமாக, "சொல்லாண்டாம். பிள்ளைக்கு ஒரு குடும்பம் கிட்டிச்சுல்லா. நீ எதுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேங்கே?" என்றாள்.

"உன் மகன் அடுத்தவளைக் காட்டி அம்மான்னு சொன்னா விட்டுக்கொடுப்பியா?" என்றேன்.

"அது வேற. நான் பெத்தவ" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. கறி ஆறுது, சாப்பிடு என்றாள். தையற்காரி என் இலைப்பக்கம் பார்க்காமல் மரச்சீனியை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் போவது குறைந்துவிட்டது. பகை ஒன்றுமில்லை. போவதற்குக் கால் வரவில்லை.

காதுகுத்து 2013இல், முட்டத்தில், மாமன் வீட்டில். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காதுகுத்தா என்று யாரும் கேலி செய்யவில்லை. பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணன் பட்டுப் பாவாடையும் கம்மலும் எடுத்திருந்தார். ஆசாரி கேட்பதற்கு முன்பே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். என் மகள் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும்போதுகூட அப்படி இருந்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பெண்களோடு பெண்களாகப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் காது குத்தியதும் வீறிட்டாள். அழுகிற பிள்ளையின் வாயில் தாய் வந்து சீனி போடவேண்டும், அந்த வீட்டு வழக்கம் அது. மதினி சீனிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளைக்க அம்மைய வரச்சொல்லுங்க" என்று கூப்பிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை. பிள்ளை அழுகிறாள், அம்மாவைக் கூப்பிடுகிறார்கள், கால் தானாக எழுந்துவிட்டது. பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து அவளும் எழுந்து வந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். என்னைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவள் திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பாள், அது எனக்குத் தெரியும். மாமன் மடியிலிருந்து மகள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அழுகை பட்டென்று நின்றிருந்தது.

"பாத்ரூம் எங்க இருக்கு மதினி?" என்று கேட்டேன்.

கொல்லைப்பக்கம் என்று கை காட்டினாள். போனேன். தகரக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உள்ளே நின்றபோது இரண்டாவது காது குத்தியதும் மகள் வீறிடுகிற சத்தம் கேட்டது. அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, விருந்தாளியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அண்ணன் தன் கையால் எனக்குப் பாயசம் ஊற்றினார்.

பிறந்த வீடு, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளை நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் மகளுக்குப் பரீட்சை, அதனால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காதைத் தொடாதே என்று சொல்லியிருந்ததால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் அம்மாண்டிவிளை தாண்டியதும், "நீ எந்திரிச்சத நான் பாத்தேன்" என்றாள்.

"ம்."

"பாத்ரூமுக்கு இல்லல்லா?"

"இல்ல."

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் மாமாகிட்ட நெசத்தச் சொல்லிரட்டா? மம்மி சொல்ல வேண்டாம். நானே சொல்லுவேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். மனதாரத்தான் கேட்டாள். அதே நேரத்தில் பயந்துகொண்டும் இருந்தாள். வகுப்பில் தெரியாத கேள்விக்குக் கை தூக்குகிற பிள்ளைகள் இருப்பார்களே, டீச்சர் தன்னைக் கேட்டுவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தூக்குவார்கள், அப்படி இருந்தாள்.

"வேண்டாம் மக்கா" என்றேன்.

"சரி" என்றாள் உடனே. என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் உடம்பு தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

இன்னும் ஒரே ஒருமுறை கேட்பாள் என்று நாகர்கோவில் வரை காத்திருந்தேன்.